இரும்பின் வரவு செலவு

பழைய காகிதங்களைக் கழிக்க உட்கார்ந்தால் நான் எதையும் கழிப்பதில்லை, ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். போன வருடம் அப்படித்தான் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு கையில் அகப்பட்டது. மடிப்பில் கிழிந்து, மை மங்கியிருந்தது. என் பெயர், வயது 15, ஹீமோகுளோபின் 8.7. அதே வாரத்தில்தான் என் மகளுக்கு எடுத்த பரிசோதனையின் முடிவு அலைபேசிக்கு வந்திருந்தது. 9.2. அவளுக்கும் வயது 15.

இரண்டுக்கும் நடுவில் முப்பது வருடம். அந்த முப்பது வருடத்தில் எங்கள் வீட்டு வருமானம் எத்தனை மடங்கு கூடியது என்று என்னால் சொல்ல முடியும். கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஆறேழு மடங்கு வரும். ஹீமோகுளோபின் கூடியது அரை கிராம்.

கணக்குக்காரிக்கு இதைவிட எரிச்சலான விஷயம் இருக்க முடியாது. வரவு இத்தனை ஏறியிருக்கிறது, இருப்பு ஏறவில்லை என்றால் ஓட்டை எங்கோ இருக்கிறது. அதைத் தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் எல்லைக்கோடு. ஹீமோகுளோபின் என்பது ரத்தத்தின் சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும், இரும்பு உள்ள புரதம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட, கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு அது டெசிலிட்டருக்கு (அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு) 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11-க்குக் கீழே நடுத்தரம், 8-க்குக் கீழே கடுமை. ஆக, நாங்கள் இருவருமே நடுத்தர வகுப்பு. (வீட்டு வருமானத்தில் நான் அந்த வகுப்புக்கு வந்து சேர எத்தனையோ வருடம் ஆயிற்று. ரத்தத்தில் பதினைந்து வயதிலேயே வந்துவிட்டேன்.)

என் சீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அது புரிந்துகொள்ளச் சுலபமானது.

அப்பாவுக்கு வேலை கிடைத்த நாளில் பணம் உண்டு, கிடைக்காத நாளில் இல்லை. வருட வருமானம் என்று ஒன்றை யாராவது கேட்டிருந்தால் அவர் சிரித்திருப்பார். வாரத்தில் நான்கு நாள் வேலை இருந்தால் அம்மா ஒரு விதமாகச் சமைப்பாள், இரண்டு நாள் இருந்தால் வேறு விதமாக. பட்டினி என்று சொல்ல மாட்டேன். வயிறு நிறைய தானியம் எப்போதும் இருந்தது. பணம் குறையும்போது தட்டிலிருந்து முதலில் காணாமல் போவது இறைச்சி, அடுத்து பழம், அப்புறம் பருப்பின் கெட்டித்தன்மை. பசி எட்டிப் பார்த்தால் தேநீர். இறைச்சி வந்த நாளில் துண்டுகள் அப்பாவுக்குப் போகும், ஏனென்றால் அவர் உழைக்கிறார். பிறகு தம்பிக்கு, ஏனென்றால் அவன் வளர்கிறான். நானும்தான் வளர்ந்துகொண்டிருந்தேன். அதை யாரும் மறுக்கவில்லை, யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். அம்மா தன் தட்டில் என்ன போட்டுக்கொண்டாள் என்று எனக்கே ஞாபகம் இல்லை என்பதால், இதில் நான் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

இப்போது இரும்பின் கணக்குக்கு வருகிறேன். பெரியவர் ஒருவருடைய உடலில் இருக்கும் மொத்த இரும்பு மூன்று, நான்கு கிராம்தான். அதில் பெரும்பகுதி ஹீமோகுளோபினில் இருக்கிறது. உடல் இந்த விஷயத்தில் மகா கஞ்சன். பழைய சிவப்பணுக்களை உடைத்து அதே இரும்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். இரும்பை வேண்டுமென்று வெளியேற்ற அதற்கு ஒரு வழியே கிடையாது. தோலும் குடலும் உதிர்க்கும் செல்களோடு போவது நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். அந்த ஒரு மில்லிகிராமை ஈடுகட்டினால் போதும் என்றால் எவ்வளவு எளிது!

ஆனால் தட்டில் இருக்கும் இரும்பு வேறு, உடலுக்குள் போகும் இரும்பு வேறு. இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் ஹீம் இரும்பில் 15 முதல் 35 சதவீதம் வரை உள்ளே போகும். தானியம், பருப்பு, கீரையில் இருக்கும் இரும்பு அப்படியல்ல. கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து 2 சதவீதமும் போகலாம், 20-உம் போகலாம். தானியத்தில் உள்ள பைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் உறிஞ்சுதலைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடக்கூடியது. வைட்டமின் சி உள்ள பழம் கூட இருந்தால் ஏறும், கொஞ்சம் இறைச்சி கூட இருந்தாலும் ஏறும். தானியமே பிரதானமான சாப்பாட்டில் உறிஞ்சுதல் 5 சதவீதம் என்றும், இறைச்சியும் பழமும் தாராளமாக உள்ள சாப்பாட்டில் 15 சதவீதம் என்றும் வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம்.

ஒரு நாள் சாப்பாட்டில் 12 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதம் என்றால் உள்ளே போவது 0.6 மில்லிகிராம். 15 சதவீதம் என்றால் 1.8. காகிதத்தில் இரண்டு தட்டிலும் அதே 12. ஏழை வீட்டுத் தட்டுக்கும் வசதியான வீட்டுத் தட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பணம் பெரும்பாலும் இரும்பை வாங்குவதில்லை, இரும்பு உள்ளே போவதற்கான வழியை வாங்குகிறது. வீட்டில் காசு இறுகும்போது முதலில் வெட்டப்படுவது அந்த வழிதான். தானியத்தை யாரும் வெட்டுவதில்லை. அதனால் வெளியே இருந்து பார்ப்பவருக்கு அந்த வீட்டுப் பெண் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றுதான் தோன்றும்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பழைய கதை உண்டு. கதையல்ல, நடந்தது. இங்கிலாந்தில் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் என்ற ஊரில் மெகோனிகிள் என்று ஒரு சுகாதார அதிகாரி இருந்தார். 1927-இல் அங்கே ஒரு சேரியைக் காலி செய்து, அங்கிருந்த குடும்பங்களைப் புதிய, காற்றோட்டமான வீடுகளுக்கு மாற்றினார்கள். அடுத்த ஐந்து வருடத்துச் சாவுக் கணக்கைப் பார்த்தபோது அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. புது வீடுகளுக்குப் போனவர்களிடையே இறப்பு விகிதம் கூடியிருந்தது. அதே ஊரில் காலி செய்யப்படாத இன்னொரு சேரியில் தங்கியவர்களிடையே அப்படிக் கூடவில்லை. தண்ணீரில் குறை இல்லை, கழிவுநீரில் குறை இல்லை. கடைசியில் அவர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். புது வீட்டுக்கு வாடகை ஏறக்குறைய இரு மடங்கு. அந்த வித்தியாசம் சாப்பாட்டுச் செலவிலிருந்து போயிருந்தது.

ஒரு சுகாதார அதிகாரி கணக்குப் புத்தகத்தைத் திறந்து நோயைக் கண்டுபிடித்தார் என்பதில் எனக்கு ஒரு தொழில் பெருமை. அதைவிட முக்கியம், வருமானம் என்று நாம் சொல்லும் எண்ணுக்கும் சமையலறைக்கு வந்து சேரும் எண்ணுக்கும் நடுவில் வாடகை, கடன், வட்டி, மருந்து, பயணம் என்று எத்தனை கைகள் நீளுகின்றன என்பது. இன்றைய பெரிய சுகாதாரக் கணக்கெடுப்புகள் பலவற்றில் வருமானத்தைக் கேட்பதே இல்லை. கேட்டால் சரியான பதில் வராது என்பதால் கூரை என்ன, கழிப்பறை உண்டா, குளிர்சாதனப் பெட்டி உண்டா, வண்டி உண்டா என்று கேட்டு ஒரு செல்வக் குறியீடு போடுகிறார்கள். நியாயமான முறைதான். ஆனால் தவணையில் ஒரு வண்டி வந்தால் குறியீட்டில் அந்த வீடு ஒரு படி ஏறும். தவணை கட்டும் மாதங்களில் அந்த வீட்டுப் பெண்ணின் தட்டு ஒரு படி இறங்கியிருக்கலாம். அது எந்தப் படிவத்திலும் இல்லை.

ஏழ்மை இன்னொரு வழியிலும் ரத்தத்தைக் குடிக்கிறது, இங்கே உண்மையாகவே குடிக்கிறது. கொக்கிப்புழு. கழிப்பறை இல்லாத இடத்து மண்ணில், செருப்பில்லாத கால் வழியாக ஏறுவது. அதில் சிறிய வகைப் புழு ஒன்று நாளுக்கு 0.03 மில்லி ரத்தத்தை இழக்க வைக்கும். அற்பம்தான். நூறு புழு என்றால் நாளுக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி. அதிலிருந்து கொஞ்சம் இரும்பைக் குடல் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்றாலும், இது வயதுக்கு வந்த பெண்ணுக்கு இரண்டு மாதவிடாயைச் சேர்த்தது போல.

அப்புறம் ஹெப்சிடின். கல்லீரல் சுரக்கும் சிறிய ஹார்மோன். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இதன் வேலை வெளிச்சத்துக்கு வந்தது. உடலில் கிருமித்தொற்றோ அழற்சியோ இருந்தால் ஹெப்சிடின் ஏறும். ஏறினால் குடலில் இரும்புக்கான கதவு சாத்தப்படும். கிருமிகளுக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்பதற்காக உடல் செய்யும் ஏற்பாடு என்கிறார்கள். அடிக்கடி காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும் வீட்டில், அரும்பாடுபட்டு வாங்கிய நல்ல சாப்பாடும் கதவுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பிவிடும். நல்ல தண்ணீர் இல்லாத வீட்டுக்குச் சத்துணவு மட்டும் கொடுப்பது ஓட்டைப் பானையில் ஊற்றுகிற மாதிரி என்று நான் நினைப்பது இதனால்தான்.

சரி. இதெல்லாம் என் சீட்டுக்குப் பொருந்துகிறது. மகளின் சீட்டுக்கு?

எங்கள் வீட்டில் இப்போது எல்லாம் இருக்கிறது. அவள் தட்டில் யாரும் குறைப்பதில்லை. அவளே குறைத்துக்கொள்கிறாள், அது வேறு. காலையில் சாப்பிட நேரமில்லை, இறைச்சியை இரண்டு வருடம் முன்பு விட்டுவிட்டாள். விலங்குகள் மேல் உள்ள இரக்கம், நான் மறுக்கவில்லை. இதையெல்லாம் நான் டாக்டரிடம் ஒரு புகார்ப் பட்டியல் போல ஒப்பித்தேன். அந்தப் பெண் டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பாமல் மகளிடம் பேசினார்.

"பீரியட்ஸ் எத்தனை நாள் வரும்மா?"

"எட்டு நாள்... சில சமயம் ஒன்பது."

"ராத்திரி எழுந்து பேட் மாத்துவியா? கட்டி கட்டியா போகுதா?"

மகள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். "ரெண்டும்தான்" என்றாள்.

எனக்குத் தெரியாது. ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம், மாதாமாதம் கடையிலிருந்து பேட் வாங்கி வருவது நான்தான், எத்தனை தீர்கிறது என்பதை நான் எண்ணியதில்லை. எண்ணுவதே தொழிலாக இருப்பவள். "ஏண்டி சொல்லல?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் வாயிலிருந்து வந்தது வேறொன்று: "எங்க வீட்ல எல்லாருக்கும் அப்படித்தான் டாக்டர்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "எல்லாருக்கும்னா யார் யாருக்கு?"

எனக்கு, என் அம்மாவுக்கு, என் பெரியம்மாவுக்கு. எட்டு ஒன்பது நாள் என்பது எங்கள் வீட்டுப் பெண்களின் இயல்பு என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி என்றால் அது இயல்பு என்று குடும்பம் நினைக்கும், பரம்பரையாக வரும் ரத்தம் உறையாத கோளாறாக இருக்கலாமோ என்று மருத்துவம் நினைக்கும். வான் வில்லிபிராண்ட் என்ற அப்படிப்பட்ட ஒரு கோளாறுக்கான பரிசோதனையையும் டாக்டர் சேர்த்து எழுதினார். வீட்டுக்கு வந்து அந்தப் பெயரைத் தேடிப் படித்தேன், படிக்காமல் இருந்திருக்கலாம். எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற பின்லாந்து மருத்துவர் 1926-இல் ஓலந்து தீவுகளைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அவரிடம் முதலில் கொண்டுவரப்பட்ட ஐந்து வயதுச் சிறுமி பிறகு பதின்மூன்றாவது வயதில், தன் நான்காவது மாதவிடாயில் ரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனாள். பரிசோதனை முடிவு வரும்வரை மூன்று நாள் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. மகளுக்கு அந்தக் கோளாறு இல்லை. வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் கருமுட்டை ஒழுங்காக வெளிவராத சுழற்சிகளில் போக்கு இப்படி அதிகமாவது உண்டு, அதற்கு மருந்து இருக்கிறது என்றார் டாக்டர்.

அன்று இரவு கணக்குப் போட்டேன். சராசரி மாதவிடாயில் போகும் ரத்தம் 30, 40 மில்லி. 80-ஐத் தாண்டினால் அதிகப்போக்கு. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஹீமோகுளோபின் 12 உள்ள பெண்ணுக்கு 40 மில்லி போனால் 16 மில்லிகிராம் இரும்பு போகிறது, 80 மில்லி போனால் 33. இதை 28 நாளால் வகுத்து, எல்லோருக்கும் பொதுவான அந்த ஒரு மில்லிகிராமைக் கூட்டினால், சராசரிப் போக்குள்ளவளுக்கு நாள் செலவு 1.6. அதிகப்போக்குள்ளவளுக்கு 2.2. இதற்கு மேல் உயரம் கூடி, ரத்த அளவும் கூடும் வயது, அதற்கான இரும்பு தனி.

மேலே எழுதிய வரவைத் திரும்பப் பாருங்கள். ஏழை வீட்டில் 0.6, வசதியான வீட்டில் 1.8. வருமானம் மூன்று மடங்கு வரவைத் தந்தும் 2.2-ஐ எட்டவில்லை. இருப்பு குறையக் குறையக் குடல் கொஞ்சம் தாராளமாக உறிஞ்சத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நான் முப்பது வருடமாக வரவுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டை செலவுப் பக்கத்தில் இருந்தது, அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை என்பதால் அது எழுதப்படவே இல்லை.

நாடுகளின் வருமானம் உயரும் வேகத்துக்கு ரத்தசோகை குறைவதில்லை என்று பொருளாதாரக்காரர்கள் சொல்வதைப் படித்தபோது முன்பெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். இப்போது இல்லை. குழந்தைகளின் உயரம் காசுக்கு வளைந்துகொடுப்பது போலப் பெண்களின் ரத்தம் வளைந்துகொடுப்பதில்லை. ஏழை வீட்டில் இந்தச் செலவு இன்னும் கூடுதலாகவே மறைந்திருக்கும். துணியோ பேடோ கணக்குப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், அதிகம் தேவைப்படுகிறது என்று சொல்வதே ஒரு குற்றம் போல ஆகிவிடும். நான் அம்மாவிடம் சொல்லாததற்கு அதுதான் காரணம். என் மகள் என்னிடம் சொல்லாததற்குக் காரணம் என்னவென்று கேட்டேன். "நீ எப்பவும் பிஸியா இருப்ப" என்றாள். இதை எந்த வருமானப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

இந்தக் குழப்பம் புதிதும் அல்ல. வெளிறிப்போன இளம்பெண்களின் நோயை 1554-இல் யோஹான்னஸ் லாங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் ஒரு கடிதத்தில் வர்ணித்தார். முகம் வெளுப்பு, படி ஏறினால் மூச்சு வாங்கல், இறைச்சி பிடிக்காமை என்று அச்சு அசலாக என் மகள். அவர் சொன்ன வைத்தியம் கல்யாணம் செய்து வையுங்கள் என்பது! இரும்பு வேண்டியவளுக்கு மாப்பிள்ளை. பிறகு அந்த நோய்க்கு குளோரோசிஸ் என்று பெயர் வந்தது. வெகுகாலம் வசதியான வீட்டுப் பெண்களின் நோய் என்று பேசப்பட்டது, பிறகு வேலைக்காரப் பெண்களின் நோய் என்று. 1832-இல் பிரான்சில் பியேர் ப்ளோ இரும்பு மாத்திரை செய்து கொடுத்துப் பலரைக் குணப்படுத்தினார். அந்த மாத்திரை நோயாளி எந்த வகுப்பு என்று கேட்கவில்லை.

ஒரு சின்ன விஷயம். பதினைந்து வயதில் நான் சாக்பீஸ் தின்பேன். வகுப்பில் மிச்சமிருக்கும் துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, திட்டும் வாங்கியிருக்கிறேன். என் மகள் ஐஸ்கட்டி மெல்லுவாள். ஃப்ரீசரைத் திறந்து தட்டிலிருந்து கடகடவென்று. நான் அதை வெயிலுக்கு என்று நினைத்தேன். இரண்டும் ஒன்றுதான், இரும்பு குறைந்தவர்களுக்கு வரும் விசித்திர ஆசை. வருமானம் கூடினால் சாக்பீஸ் ஐஸ்கட்டியாகிறது. மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் வாரம் அவள் ஃப்ரீசர் பக்கமே போகவில்லை. அவளுக்கே அது தெரியவில்லை, நான்தான் கவனித்தேன். இந்த முறை கவனித்தேன்.

படிப்பைப் பற்றியும் ஒன்று. 1996-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் பள்ளிப் பெண்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுக்கு ரத்தசோகை இல்லை, இரும்பு இருப்பு மட்டும்தான் குறைவு. எட்டு வாரம் இரும்பு கொடுத்தவர்களுக்குச் சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் திறன் மற்றவர்களைவிடக் கூடியது. என் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் 'மந்தம்' என்ற சொல் என் மதிப்பெண் அட்டையோடு ஒட்டிக்கொண்டே வந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கிடைத்ததற்கும் அவளுக்குக் கிடைத்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது. எனக்கு ஒரு மாதத்து மாத்திரை தந்தார்கள். வயிற்றைப் புரட்டியது, மலம் கறுப்பாகப் போனது, அம்மா பயந்துபோய் நிறுத்திவிட்டாள். கறுப்பாகப் போவது சகஜம் என்று சொல்ல யாருமில்லை. மகளுக்கு டாக்டர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடச் சொன்னார். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதுமே ஹெப்சிடின் ஏறி, அடுத்த நாள் கதவைப் பாதி சாத்திவிடுமாம். ஒரு நாள் இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சப்படும், வயிறும் அவ்வளவாகப் புரட்டாது. தேநீருக்கும் பாலுக்கும் ஒட்டி வேண்டாம், பழச்சாறோடு எடுக்கலாம். மாத்திரைக்கு முன்னால் காரணத்தைப் பார்க்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். வைட்டமின் பி12 குறைவு, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு, எல்லா வெளுப்பும் இரும்பால் வருவதல்ல.

ஃபெரிட்டின் என்று இன்னொரு எண் இருக்கிறது, அதுதான் கிடங்கில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று காட்டுவது. ஹீமோகுளோபின் கையில் புழங்கும் காசு, ஃபெரிட்டின் சேமிப்பு. சேமிப்பு முழுவதும் கரைந்த பிறகுதான் கைக்காசு குறையத் தொடங்கும். ஆரோக்கியமானவர்களுக்கு 15-க்குக் கீழே என்றால் குறைவு. மகளுக்கு ஆரம்பத்தில் 5.

மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 12.3. அவள் குதித்தாள். போக்கும் ஐந்து நாளுக்குள் வந்திருந்தது. "அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா அம்மா?" என்று கேட்டுக்கொண்டே அட்டையைக் குப்பைக்கூடைப் பக்கம் நீட்டினாள். சீட்டின் அடுத்த வரியைக் காட்டினேன். ஃபெரிட்டின் 13. இன்னும் மூன்று மாதம் என்று டாக்டர் எழுதியிருந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு அட்டையை மேசை மேல் திரும்ப வைத்தாள்.

என் சீட்டின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று அப்புறம் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். அப்பாவின் கையெழுத்தில், பென்சிலில், அந்த வாரத்து வீட்டுச் செலவு கூட்டப்பட்டிருந்தது. கூட்டல் சரியாகத்தான் இருந்தது.